கோர்டியின் விரல்கள்

ஹால்ஸ்டன் பே, மினசோட்டா
பிப்ரவரி, வியாழக்கிழமை

அன்புள்ள லவான் அக்காவுக்கு,

தம்பி நார்பர்ட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீட்டுக்காரி ஆர்டிஸும் சௌக்கியம். அங்கே நீயும், உன் புது இடுப்பு மூட்டும், வாசலில் நிற்கிற ஆரஞ்சு மரமும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொள்கிறோம். இங்கே குளிர் அப்படியொன்றும் மோசமில்லை. காரின் முன்கதவு மட்டும் உறைந்துபோய்த் திறக்க மாட்டேன் என்கிறது. இரண்டு வாரமாகப் பின்கதவு வழியாக ஏறி, சீட்டைத் தாண்டி முன்னால் போய் உட்காருகிறேன். எழுபத்தாறு வயதில் நல்ல தேகப்பயிற்சி.

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. கையுறை போட்டுக்கொண்டு எழுதுகிறேன். ஏன் என்பது பின்னால் வரும்.

இந்தக் கடிதத்தின் நோக்கம் ஒன்றுதான்: நீ வர வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை போனில், "நான் கெளம்பி வரட்டுமாடா?" என்று கேட்டாய். வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் ஆரஞ்சு மரத்தைப் பற்றிப் பேசிவிட்டு மறுபடியும் கேட்டாய். அதெல்லாம் எதற்கு, வீண் அலைச்சல் என்றேன். நீயும், "சரிடா, உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு போன் வரவில்லை. நல்லதுதான். ஒருவர் சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிற பழக்கம் அரிசோனாவுக்குப் போனபிறகு உனக்கு வந்திருக்கிறது போலிருக்கிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஆர்டிஸ் உன்னிடம் அரையும் குறையுமாக எதையோ சொல்லி வைத்திருக்கிறாள். நடந்ததை நானே முறையாக எழுதிவிட்டால் உனக்கும் நிம்மதி.

அக்டோபரில் பெருங்குடலிலிருந்து கட்டியை எடுத்தது உனக்குத் தெரியும். அது நல்லபடியாக முடிந்தது. கண்ணுக்குத் தெரியாமல் வேர் ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதையும் ஒழித்துவிட வேண்டும் என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீமோ மருந்து ஏற்றுகிறார்கள். முன்பெல்லாம் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே கணக்குத்தானாம். இப்போது ஆளுக்குத் தகுந்த மாதிரி. என் கட்டியைச் சீவி, அதன் மரபணுவைப் படித்து, என் ரத்தம், எடை, தூக்கம், நடை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்து, இந்த நார்பர்ட் ஸ்டெனரூட்டுக்கு எந்த மருந்து எவ்வளவு தாங்கும் என்று சொல்ல ஆஸ்பத்திரியில் ஒரு செயற்கை அறிவு வைத்திருக்கிறார்கள். கடைசி முடிவு டாக்டருடையது, அளவெடுப்பது அது. என் கல்யாணத்துக்குக் கோட்டுத் தைத்த தையல்காரர்கூட இத்தனை அளவு எடுக்கவில்லை. எனக்கென்று தனியாக இவ்வளவு மெனக்கெடுவது ஆரம்பத்திலிருந்தே எனக்குக் கூச்சமாக இருந்தது. எல்லாருக்கும் கொடுப்பதையே எனக்கும் கொடுங்கள், போதும் என்று சொல்லிப் பார்த்தேன். டாக்டர் பூட்ரோ சிரித்தார். அவர் லூசியானாவிலிருந்து வந்தவர், சின்னப் பெண். அந்த ஊரில் ஒருவரை எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்டால் உண்மையாகவே சொல்லிவிடுவார்களாம். முழங்காலில் ஆரம்பித்து மாமியார் வரைக்கும் போகுமாம். அங்கே படித்துவிட்டு இங்கே வைத்தியம் பார்க்க வந்திருக்கிறார், பாவம்.

அந்தச் செயற்கை அறிவு தினமும் காலையில் போனில் கூப்பிடும். பெண்குரல். முதல் நாள், தன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு நான் பெயர் வைப்பதாவது. "எதுவானாலும் பரவாயில்லைம்மா" என்றேன். மறுநாள் போன் அடித்தது. எடுத்தால், "குட் மார்னிங் நார்பர்ட், நான்தான் எதுவானாலும் பரவாயில்லை பேசறேன்" என்கிறது. மாற்றச் சொல்லேன் என்றாள் ஆர்டிஸ். வைத்த பெயரை மாற்றினால் அது மனசு கஷ்டப்படாதா, விடு என்றேன். இன்றுவரை அதுதான் பெயர். மருந்து ஏற்றப் போனால் வரவேற்பில் இருக்கிற பெண் திரையைப் பார்த்து, "உங்க துணை யாரு... எதுவானாலும் பரவாயில்லையா?" என்று கேட்பாள், பக்கத்தில் நிற்கிற ஆர்டிஸ் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இனிமேல் நான் அந்தம்மா என்றே எழுதுகிறேன்.

அந்தம்மா ஒவ்வொரு உபாதையாகக் கேட்கும். நான் போன் திரையில் சைபரிலிருந்து பத்துவரை இருக்கிற எண்களில் ஒன்றைத் தொட வேண்டும். சைபர் என்றால் ஒன்றுமில்லை, பத்து என்றால் தாங்கவே முடியவில்லை. நீயே சொல்லு அக்கா. வைக்கோல் கட்டுகிற மிஷினில் அப்பாவுக்கு ஒரு விரல் போனபோது, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து அம்மாவிடம் என்ன சொன்னார்? சாப்பாட்டுக்குக் கொஞ்சம் லேட்டாகும் என்றார். அப்பாவின் விரலுக்கு நாலு போடலாம் என்று வைத்துக்கொண்டால், எல்லா விரலும் உடம்போடு இருக்கிற நான் எத்தனை போட முடியும்? குமட்டலுக்கு ஒன்று போட்டேன். வயிற்றுப்போக்குக்கு ஒன்றரை போடலாமா என்று கேட்டேன், அரையெல்லாம் கிடையாது என்றது, சரி ஒன்று என்றேன். களைப்புக்கு இரண்டு. அன்றைக்குத்தான் நான் வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதே உட்கார்ந்தபடி தூங்கிப்போய், என் கால் தடுக்கி ஆர்டிஸ் விழப்பார்த்தாள். ஐந்துக்கு மேல் போடுகிறவர்களெல்லாம் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் தொலைக்காட்சியில் வருகிறவர்களாக இருக்கும்.

சாப்பாட்டையும் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருந்தது. எனக்குக் கட்டி என்று சர்ச்சில் சொன்ன நாளிலிருந்து வாசலில் அடுப்பில் சுட்ட ஹாட்டிஷ் தட்டுகளாக வந்து குவிந்துகொண்டிருந்தன. கறி, பட்டாணி, மேலே வறுத்த உருளைக்கிழங்கு. எல்லா வீட்டிலிருந்தும் அதேதான். படத்தை அனுப்பினால், நேற்றைய படமே மறுபடி வந்திருக்கிறது, புதிய படம் அனுப்பவும் என்று வரும். இதை அந்தம்மாவுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. பிறகு டெலோரஸ் ஒரு பச்சை ஜெல்லி கொண்டுவந்தாள், நம் சர்ச்சில் பியானோ வாசிக்கிறாளே, அவள்தான். உள்ளே துருவிய காரட், மேலே வெள்ளையாக ஏதோ. படம் அனுப்பினேன். 'இது உணவாகத் தெரியவில்லை. விழுங்கியிருந்தால் உடனே தெரிவிக்கவும்' என்று பதில் வந்தது. டெலோரஸ் அப்போது மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். என் கண்ணாடி இல்லாததால் போனை அவளிடம்தான் படிக்கக் கொடுத்தேன். அவள் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, சுவாரஸ்யமாக இருக்கிறது என்று சொல்லி எழுந்துபோனாள். நம் ஊரில் ஒருத்தி சுவாரஸ்யமாக இருக்கிறது என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு எங்கள் பக்கத்து வரிசையில் உட்காரவில்லை.

இனிமேல்தான் விஷயமே. என் மருந்துகளில் ஒன்றுக்கு நரம்பைப் பிடிக்கிற குணம். குளிர்ந்த எதைத் தொட்டாலும் மாட்டுக் கொட்டகை மின்வேலியைத் தொட்ட மாதிரி விரலில் சுளீரென்று ஏறும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே மருந்து ஏற்றும் மாதங்களில் குளிரைத் தவிர்க்கவும் என்று அச்சடித்த காகிதம் ஒன்று கொடுத்தார்கள். மினசோட்டாவில், டிசம்பர் மாதத்தில். நான் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். ஒருநாள் ஆர்டிஸ் சமையலறைக்கு வந்தபோது, சூட்டடுப்பிலிருந்து தட்டு எடுக்கிற தடித்த கையுறையை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு ஃப்ரிட்ஜிலிருந்து பால் எடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "பால் சூடா இருக்கா?" என்றாள். இல்லை என்றேன். அதோடு பேச்சு முடிந்தது. ஐம்பது வருஷம் குடும்பம் நடத்தியபிறகு இவ்வளவு பேச்சே அதிகம்.

பக்கத்து வீட்டு கோர்டியை உனக்கு ஞாபகமிருக்கும். பள்ளிக்கூடத்தில் உன்னைப் பார்த்துக்கொண்டே நடந்து கொடிக்கம்பத்தில் முட்டிக்கொண்டானே, அவன்தான். ஏரி உறைந்ததும் வழக்கம்போல மீன்பிடிக் குடிசையை இழுத்துக்கொண்டுபோய்ப் பனிக்கட்டிமேல் நிறுத்தி, துளை போட்டு, என்னையும் கூப்பிட்டான். வரவில்லை என்றால் ஏன் என்று கேட்பான், கேட்டால் சொல்ல வேண்டும், அதற்குப் போய்விடுவதே மேல். இரட்டைக் கையுறை போட்டு உட்கார்ந்திருந்தேன். தூண்டில் கம்பு கையில் இருக்கிறதா இல்லையா என்பதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நல்ல பெரிய மீன் ஒன்று மாட்டியது. இழுத்து மேலே போட்டு, கொக்கியை எடுக்கக் கையுறையைக் கழற்றினேன். அவ்வளவுதான். நான் மீனை விட்டேனா, மீன் என்னை விட்டதா தெரியாது. அது வந்த துளை வழியாகவே போய்விட்டது, கோர்டியின் நல்ல கொக்கியும் அதோடு போயிற்று. கோர்டி காபியை ஊற்றி என் பக்கம் நகர்த்தினான். "சின்ன மீனுதான்" என்றான். அது சின்ன மீன் இல்லை அக்கா. கோர்டி ஒருநாளும் ஒரு மீனைக் குறைத்துச் சொன்னவன் இல்லை. அப்போதுதான் எனக்கு முதல் முதலாகப் பயம் வந்தது.

மறுநாள் அந்தம்மா கூப்பிட்டு, விரல் மரத்துப்போவது எப்படி என்று கேட்டது. இரண்டு போட்டேன். நர்ஸை உங்களோடு பேசச் சொல்லட்டுமா என்றது. அதெல்லாம் வேண்டாம்மா என்றேன். இங்கேதான் பிசகு. உனக்கு அரிசோனா வெயிலில் நம் வழக்கம் உருகிப்போயிருக்கலாம், அதனால் சொல்கிறேன். நம் ஊரில் ஒருவர் ஒன்றைக் கொடுத்தால் முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாம் தடவை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்போம். மூன்றாம் தடவை கேட்டால், எப்படியும் வீணாகத்தான் போகப்போகிறது என்றால் ஒரு சின்னத் துண்டு கொடுங்கள் என்போம். சர்ச்சில் ஒரு கேக் துண்டு கைமாறுவது இந்த முறைப்படிதான். முதல் வேண்டாமிலேயே தட்டை எடுத்துக்கொண்டு போகிறவர்களை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. அந்தம்மாவோ, "சரி நார்பர்ட், நல்ல நாளா அமையட்டும்" என்று வைத்துவிட்டது. நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்ன, வெச்சிட்டாளா?" என்றாள் ஆர்டிஸ்.

"வெச்சிட்டா."

"ஒரே தடவ கேட்டுட்டா?"

"ஒரே தடவ."

ஆர்டிஸ் தலையை ஆட்டினாள். "யாரு வளத்த பொண்ணோ" என்றாள்.

ஜனவரியில் டாக்டர் பூட்ரோவைப் பார்க்கப் போனோம். திரையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இந்த மருந்தை இவ்வளவு லேசாகத் தாங்குகிற ஆளைப் பார்த்ததேயில்லை என்றார். என்னை மட்டும் சொல்லவில்லை, ஏரிக்கு இந்தப் பக்கத்திலிருந்து வருகிற நோயாளிகள் எல்லாருமே இப்படித்தான் இருக்கிறார்களாம். நார்வேயிலிருந்து இங்கே குடியேறிய வம்சத்து ரத்தத்தில் நரம்பைக் காப்பாற்றுகிற ஏதோ ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதலாம் என்று இருக்கிறேன் என்றார். ஆர்டிஸ் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த பெருங்குடல் படத்தைப் பார்த்தேன். சந்தோஷமாக இருக்கிற ஒரு டாக்டரிடம் போய் எப்படிச் சொல்வது? மருந்தை முழு அளவிலேயே தொடரலாம் என்று முடிவாயிற்று. அவர் போனபிறகு சட்டையை மாட்டிப் பொத்தான் போட உட்கார்ந்தேன். பொத்தான் இரண்டு விரலுக்கு நடுவில் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. ஒன்றுகூடப் போட முடியவில்லை. ஆர்டிஸ் வந்து கீழேயிருந்து மேல்வரை எல்லாவற்றையும் போட்டுவிட்டு, காலரையும் சரிசெய்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கார்டியனை எடுத்தேன். ஜூன் மாதம் உனக்கு எண்பது வயதாகிறது, சர்ச் கூடத்தில் விருந்து, நான் வாசிப்பதாக உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்குப் பிடித்த அந்த வால்ட்ஸ், நடுவில் நீ பியானோவில் எப்போதும் வேகமெடுத்து ஓடிவிடுவாயே, அது. இடது கை பரவாயில்லை. வலது கை விரல்கள் எந்தக் கட்டைமேல் நிற்கின்றன என்று அவற்றுக்கே தெரியவில்லை. அகப்பட்டதையெல்லாம் சேர்த்து அமுக்கின. நாய் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டது. கட்டியை எடுத்தபோதுகூட நான் அழவில்லை அக்கா. அன்றைக்கு அழுதேன். உயிர் போகுமோ என்று பயந்தபோது இல்லாத துக்கம், உயிர் இருந்தும் வாசிக்க முடியாதோ என்று நினைத்தபோது வந்தது. ஆர்டிஸ் கேட்டபோது ஜலதோஷம் என்றேன்.

அந்தம்மாவைக் குறை சொல்லிக்கொண்டே வந்தேன், ஆனால் அதுவும் சும்மா இருக்கவில்லை. நான் திரையில் எண்ணைத் தொட எவ்வளவு நேரமாகிறது என்று ஆரம்பத்திலிருந்தே கவனித்து வந்திருக்கிறது. இப்போதெல்லாம் இரண்டைத் தொடப்போய் ஐந்தைத் தொட்டு, அழிக்கப்போய் ஏழைத் தொட்டு, திரும்பவும் இரண்டைத் தேடிப் பிடிக்கிறேன். இந்த மனுஷர் வாய் சொல்வது ஒன்று, விரல் சொல்வது ஒன்று என்று அதற்குச் சந்தேகம் வந்துவிட்டது. சரி, பெண்டாட்டியைக் கேட்போம் என்று ஆர்டிஸையும் கேட்டது. ஆர்டிஸ் மூன்று போட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"மூணா போட்ட? ஊருக்கெல்லாம் தெரியட்டும்னா?"

"நானே சட்டப் பொத்தான் போட்டுவிடறேன். ரெண்டுன்னு எப்படி வாய் கூசாம சொல்றது?"

அன்றைக்குப் பூராவும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வழக்கமாகவே அதிகம் பேசுவதில்லை என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

போன வாரம் அந்தம்மா என் மனநிலையைப் பற்றிக் கேட்டது. உங்களுக்கு யாரைப் பற்றியாவது கவலை இருக்கிறதா என்றது. கோர்டியைப் பற்றித்தான் என்றேன். அவனுக்குக் கால் பெருவிரலில் வாதம். என் நோவைச் சொல்ல எனக்கு வாய் வராது, ஆனால் அடுத்த வீட்டுக்காரன் நோவு என்றால் வேறு விஷயம் அல்லவா. விரல் வீங்கியது, சிவந்தது, போர்வை பட்டாலே துடித்தது, பூட்ஸில் முன்பக்கம் ஓட்டை போட்டுக்கொண்டது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். காபி ஆறிப்போயிற்று. அதற்கு எத்தனை போடுவீர்கள் என்றது. எட்டு என்றேன், யோசிக்கவேயில்லை. அந்தம்மா குறித்துக்கொண்டு வைத்துவிட்டது. மறுநாள் காலை போன் வந்தது.

"நார்பர்ட், உங்க விரல் இன்னிக்கு எப்படி இருக்கோ, அதே மாதிரி கோர்டிக்கு இருந்தா எத்தன போடுவீங்க?"

"அடப் பாவமே, கோர்டிக்கா? ஒம்போதும்மா. சட்டப் பொத்தான் போட முடியல. காபி கப்பு சுடறதுகூடத் தெரியாம புடிச்சிக்கிட்டே உக்காந்திருந்தான். கட்ட எதுன்னு தெரியல, அக்கார்டியன ஓரமா வெச்சுட்டான். யாராவது அவன இழுத்துட்டுப் போயி டாக்டர்கிட்ட காட்டணும்."

சொல்லி முடித்தபிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஆர்டிஸ் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

"அப்ப கோர்டியப் பத்தி டாக்டர்கிட்ட சொல்லட்டுமா?" என்றது அந்தம்மா.

"கோர்டிக்கு நல்லதுன்னா சொல்லு."

"நர்ஸப் பேசச் சொல்லட்டுமா?"

"வேணாம், அவங்களுக்கு ஆயிரம் வேல."

"பேசினா நல்லதுன்னு எனக்குத் தோணுது. சொல்லட்டுமா?"

"எதுக்கும்மா வீண் சிரமம்."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆர்டிஸ் கையில் சோப்பு நுரை வழிந்துகொண்டிருந்தது.

"எப்படியும் அவங்க போன் பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க. சொல்லட்டுமா?"

"சும்மாதான் இருக்காங்கன்னா, சரி" என்றேன்.

பிறகுதான் காரணம் தெரிந்தது. ஏரிக்கு இந்தப் பக்கத்து ஆட்கள் காலையில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் தாங்களே அவசரப் பிரிவுக்கு வந்து, தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்று நிற்பதை அந்தம்மா வரிசையாகப் பார்த்திருக்கிறது. இப்போது எங்களுக்கு மட்டும் மூன்று தடவை கேட்கிறதாம். லூசியானாக்காரர்களுக்கு ஒரு தடவைதான். பாதி பேருக்குக் கேட்கவே வேண்டாமாம்.

நர்ஸ் காசூவா உடனே கூப்பிட்டாள். லாவோஸிலிருந்து வந்த ஹ்மாங் வீட்டுப் பெண், செயின்ட் பாலில் பிறந்து வளர்ந்தவள், வேடிக்கையாகப் பேசுவாள். "யாரு, கோர்டிங்களா?" என்றாள். என்ன சொல்வதென்று தெரியாமல் ஆமாம் என்றேன். "கோர்டி, அந்த நார்பர்ட்டையும் கூட்டிக்கிட்டு இன்னிக்கே வந்துருங்க" என்றாள். விஷயம் அத்தோடு நின்றிருந்தால் சரி. வரவேற்பில் இருந்தவர்கள் 'கோர்டி, விரல், ஒன்பது' என்ற குறிப்பைப் பார்த்துவிட்டு, வாத வைத்தியத்துக்கு அங்கே வருகிற நிஜ கோர்டிக்கும் போன் போட்டுவிட்டார்கள். நாங்கள் காரை எடுக்கிறோம், அவன் ஓட்டை பூட்ஸோடு எங்கள் வாசலில் நிற்கிறான். எனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்கள், மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்றான். மூன்று பேரும் பின்கதவு வழியாக ஏறினோம். வாதக்காரனும் கீமோக்காரனும் சீட்டைத் தாண்டியதை நீ பார்த்திருக்க வேண்டும்.

டாக்டர் பூட்ரோ என்னைக் கண்ணை மூடச் சொல்லி, எந்த விரலைத் தொடுகிறேன் என்று கேட்டார். இன்னும் தொட ஆரம்பிக்கவில்லையே என்றேன். அவர் தொட்டுக்கொண்டுதான் இருந்தாராம். கண்ணைத் திறந்தால் அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"மிஸ்டர் ஸ்டெனரூட், என்கிட்ட ரெண்டுன்னீங்களே."

"ஆமா, டாக்டர். இங்க ரெண்டுன்னா இதான்."

"எங்க ஊர்ல இது பதினாலு" என்றார். பிறகு என் கையை விடாமலே, "இன்னும் ரெண்டு தடவ முழுசா ஏத்தியிருந்தா இந்த விரல் திரும்பியிருக்காது. நீங்க சொல்லலன்னா எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். ஆர்டிஸ் என் தோள்மேல் கைவைத்தாள், ஆஸ்பத்திரியில், நாலு பேர் பார்க்க.

நரம்பைப் பிடிக்கிற அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். மற்றது தொடரும். ரத்தத்தில் கட்டியின் சுவடு ஏதும் தெரியவில்லை என்று பரிசோதனை சொல்கிறது, ஆகவே நிறுத்தியதால் பெரிய நஷ்டம் இல்லை என்று டாக்டரும் சொல்கிறார், அந்தம்மாவின் கணக்கும் சொல்கிறது. விரல்கள் மெதுவாகத் திரும்பலாம். சில மாதமாகலாம், வருஷமாகலாம், கொஞ்சம் திரும்பாமலும் போகலாம். டாக்டர் ஆய்வுக் கட்டுரையைக் கைவிட்டுவிட்டார். இனிமேல் ஏரிக்கு இந்தப் பக்கத்து ஆட்கள் எந்த எண்ணைச் சொன்னாலும், பொத்தான் போட முடிகிறதா, மீன் கையில் நிற்கிறதா என்று கூடவே கேட்க அந்தம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கோர்டிக்கும் அன்றைக்கே கால்விரலுக்கு நல்ல மாத்திரை கிடைத்தது. என் விரலால் தனக்கு வாதம் குணமாயிற்று என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். போய்த் தொலைந்த மீன் இப்போது அவன் வாயில் பெரிதாகிக்கொண்டே வருகிறது. டெலோரஸும் மறுபடி ஜெல்லி கொண்டுவந்தாள். படம் எடுக்காமல் சாப்பிட்டேன்.

ஆகவே அக்கா, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, நீ கவலைப்பட ஒன்றுமேயில்லை. புது இடுப்பை வைத்துக்கொண்டு இந்தப் பனியில் விமானம் ஏறி வருவது புத்திசாலித்தனமும் இல்லை. ஜூன் விருந்துக்கு வாசிக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம், பாட்டுப் பெட்டி வைத்தாலும் போதும். நீ அங்கேயே வெயிலில் சௌக்கியமாக இரு. ஆர்டிஸ் உனக்கு அன்பைச் சொல்லச் சொன்னாள். கோர்டி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னான். கொடிக்கம்பம் இன்னும் நிற்கிறதாம். ஆண்டவன் உனக்குத் திடமான கால்களையும் எங்களுக்குச் சீக்கிரம் ஒரு வசந்தத்தையும் கொடுக்கட்டும்.

என்றும் உன் அன்புத் தம்பி,
நார்பர்ட்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். இப்போது கிழித்து எடுத்து எழுதுகிறேன். இன்று காலை அந்தம்மா விரலைப் பற்றிக் கேட்டது. ஆறு என்றேன், கோர்டியின் உதவி இல்லாமல் நானாகவே. ஆர்டிஸ் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டாள். பிறகு, யாராவது பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறதா என்று கேட்டது. இல்லை என்றேன். மறுபடி கேட்டது. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். மூன்றாம் தடவை வேறு மாதிரி வந்தது, ஆர்டிஸ்தான் ஏதோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். கோர்டிக்கு அரிசோனாவில் ஓர் அக்கா இருந்து, அவள் வரட்டுமா என்று இரண்டு தடவை கேட்டு, அவனும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மையில் அவள் வர வேண்டும் என்று அவனுக்கு எவ்வளவு இருக்கும், சைபரிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்றது. மாடி அறையில் ஹீட்டர் போட்டு ஆர்டிஸ் மெத்தை விரித்துவிட்டாள். சர்ச் பியானோவில் பாட்டை நீ பிடித்துக்கொண்டால், இடது கையை வைத்துக்கொண்டு நான் பின்னாலேயே வந்துவிடுவேன். நடுவில் நீ எவ்வளவு வேகமாக ஓடினாலும் பரவாயில்லை. தடித்த கோட்டு கொண்டுவா, காரில் பின்கதவு வழியாகத்தான் ஏற வேண்டும்.

பத்து என்றேன். கோர்டிக்கு அக்காவே கிடையாது.